பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒப்பந்தம்

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவின் ரிவர்சைடில். கிழக்கே ஐந்து மணி நேரம் பாலைவனத்தைக் கடந்தால் அரிசோனாவின் ஃபீனிக்ஸ். அங்கே ஐயாயிரம் மைல்கூட ஓடாத ஒரு கார் நல்ல விலைக்கு வருகிறது என்று தம்பி சொன்னபோது, பணம் கட்டும் முன் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நானும் கூடப் போனேன். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளைக் கைபேசி வெளிச்சத்தில் படித்தோம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிகளுக்கு உட்பட்ட வண்டி என்று இருந்தது. கலிபோர்னியா என்ற சொல்லைக் காணோம். 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டியைக் கலிபோர்னியா புது வண்டியாகவே கணக்கில் கொள்ளும். இந்த மாநிலத்தின் சான்று இல்லாத புது வண்டியை, சில விதிவிலக்குகள் தவிர, இங்கே குடியிருப்பவர் வெளியிலிருந்து வாங்கி வந்து பதிவுசெய்ய முடியாது. வெறுங்கையோடு திரும்பும் வழியெல்லாம் தம்பி கேட்டுக்கொண்டே வந்தான்: "ஏண்ணா, ஃபீனிக்ஸும் அமெரிக்காதானே?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் புது வண்டிகளின் புகைக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் மத்திய அரசுடையது; மாநிலங்கள் தங்கள் விருப்பத்துக்கு விதி செய்யக் கூடாது என்று தூய காற்றுச் சட்டத்தின் 209ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. அதே பிரிவு, 1966 மார்ச் 30க்கு முன்பே தனக்கென்று புகை வரம்புகளை வகுத்திருந்த மாநிலம் மட்டும் முகமையிடம் விலக்குப் பெற்றுக் கடுமையான விதிகளை நடத்தலாம் என்கிறது. அந்த நிபந்தனைக்குள் வருவது ஒரே மாநிலம். பெயரைச் சொல்லாமல் ஆளைச் சுட்டும் சட்ட நடை இது.

இதைச் செல்லப்பிள்ளைச் சலுகை என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒரு நாள் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பான் விஷவாயு வீசிவிட்டது என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். பிறகு ஒரு செயற்கை ரப்பர் மூலப்பொருள் ஆலையின்மேல் பழி விழுந்தது; ஆலையை நிறுத்தியும் மூட்டம் விலகவில்லை. கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர்தான், கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுவதை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். வளைத்துவைத்த ரப்பர் துண்டில் எவ்வளவு வேகமாக வெடிப்பு விழுகிறது என்பதைக்கொண்டு ஓசோனை அளந்தவர் அவர். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், மேலே மூடிபோல் படியும் வெப்பக் காற்று, ஆண்டின் பெரும்பகுதி வெயில் என்று அமைந்த அந்தப் பள்ளத்தில், டெட்ராய்ட்டில் தொந்தரவு தராத அதே கார் இங்கே வேறு விளைவைத் தந்தது.

1967இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று சட்டம் செய்ய முனைந்தபோது, கார் நிறுவனங்களுக்கு ஐம்பது மாநிலங்களில் ஐம்பது விதிகள் வந்துவிடுமோ என்ற கவலை இருந்தது. அது பொய்க்கவலையும் அல்ல. கலிபோர்னியாவின் செனட்டர் ஜார்ஜ் மர்ஃபி, ஒருகாலத்தில் ஹாலிவுட் படங்களில் நடனமாடியவர், குடியரசுக் கட்சிக்காரர், தன் மாநிலத்துக்கு விலக்குக் கோரும் திருத்தத்தைச் சேர்த்தார். கார் நிறுவனங்களின் மாநிலமான மிச்சிகனின் ஜான் டிங்கல் கீழவையில் அதை நீர்த்துப்போகச் செய்ய முயன்றபோது, கலிபோர்னியாவின் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து நின்று முறியடித்தனர். அதே ஆண்டு மாநிலத்தின் காற்றுவள வாரியத்தை உருவாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். வாரியத்தின் முதல் தலைவர், நம் அன்னாசிப் பழத்துக்காரர்.

1977இல் 177ஆம் பிரிவு சேர்ந்தது. மற்ற மாநிலங்கள் விரும்பினால் கலிபோர்னியாவின் விதியை எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்ளலாம். தங்கள் வசதிக்கு மூன்றாவது வகைக் காரைக் கேட்க முடியாது. ஆக, நாட்டில் இரண்டே வகை வண்டி. ஐம்பது விதிகள் என்ற கூச்சல் இன்றும் கேட்கிறது. சட்டத்தைப் படித்தவர் அதைச் சொல்ல முடியாது.

விலக்கை மறுப்பதற்கும் காரணங்கள் மூன்றே. மாநிலத்தின் முடிவு ஆதாரமற்றதாக இருக்க வேண்டும். அல்லது அந்த விதியைத் தேவைப்படுத்தும் அசாதாரணமான, கட்டாயமான சூழல் அங்கே இல்லாதிருக்க வேண்டும். அல்லது தொழில்நுட்பத்துக்கும் தயாரிப்புக்கும் போதிய அவகாசம் தராத விதியாக இருக்க வேண்டும். அரை நூற்றாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விலக்குகள் இந்தச் சல்லடை வழியாகச் சென்றிருக்கின்றன. மோதல் முற்றியது கரியமில வாயு இதற்குள் வந்த பிறகுதான். 2002இல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்துக்கான விலக்கு 2008இல் மறுக்கப்பட்டது, 2009இல் தரப்பட்டது. பின்னர் 2013இல் தந்ததை 2019இல் பறித்து 2022இல் திருப்பித் தந்தார்கள். வெள்ளை மாளிகையில் ஆள் மாறும்போதெல்லாம் இதுவும் மாறியது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒன்றை நான் ஏற்கிறேன். புகைமூட்டம் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளத்தில் தங்கும். கரியமில வாயு தங்காது. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் வெளியாவதும் ஓஹாயோவில் வெளியாவதும் ஒரே வானத்தில் கலக்கின்றன. அப்படியிருக்க, கலிபோர்னியாவுக்கு மட்டும் உரிய அசாதாரணச் சூழல் என்று அதைச் சொல்வது அத்தனை எளிதல்ல. வெப்பம் கூடினால் இங்கே ஓசோனும் கூடும் என்று மாநிலம் தரும் பதிலில் வலு இருக்கிறது என்றாலும், 2035இல் விற்பனையாகும் புதுக் கார்கள் யாவும் மின்சாரத்திலோ ஹைட்ரஜனிலோ ஓட வேண்டும், மின்னேற்றி ஓட்டும் கலப்பு வண்டிகளுக்கு மட்டும் ஓரளவு இடம் உண்டு என்ற விதியை, மற்ற மாநிலங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளும் நிலையில், வெறும் உள்ளூர்க் காற்றுப் பிரச்சினை என்று நான் வாதிட மாட்டேன். 2025இல் அதை ரத்துசெய்யக் கீழவையில் நடந்த வாக்கெடுப்பில் ஜனநாயகக் கட்சியினரிலும் 35 பேர் ரத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அவர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

ஆனால் அன்று ரத்தானது அந்த ஒரு விதி மட்டும் இல்லை. 2025 ஜூன் 12 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட தீர்மானங்கள் மூன்று. ஒன்று, கார்களுக்கான 2035 விதியின் விலக்கு. இரண்டாவது, புகையில்லா லாரிகளின் விற்பனையைப் படிப்படியாக உயர்த்தும் விதியின் விலக்கு. மூன்றாவது, கனரக டீசல் எஞ்சின்களின் நைட்ரஜன் ஆக்சைடை அப்போதைய வரம்பிலிருந்து சுமார் 90 சதவீதம் குறைக்கும் விதியின் விலக்கு. மூன்றாவதில் வானம் முழுவதும் பரவும் கதை ஏதும் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறங்கும் சரக்கு, 60ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக எங்கள் ஊர்க் கிடங்குகளுக்கு வருகிறது. கோடையில் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து தெரியும் சான் பெர்னார்டினோ மலை, பிற்பகல் மூன்று மணிக்கு அழுக்குத் துணிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கிவிடும். ஹாகன்-ஸ்மிட் விளக்கிய அதே வேதியியல், அதே பள்ளம். 1967இல் எதற்காக அந்த விலக்கு வந்ததோ அதே காரணம் அப்படியே இருக்கும்போது, அதையும் சேர்த்து வீசியதை நான் எப்படியும் ஏற்க முடியாது.

வீசிய முறையும் தவறு. விலக்கில் குறை இருந்தால், மேலே சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றைக் காட்டி முகமையே அதைத் திரும்பப் பெற முயன்றிருக்கலாம். 2019இல் அதைத்தான் செய்தார்கள், அதன்மேல் வழக்கும் நடந்தது. அல்லது 209ஆம் பிரிவையே நாடாளுமன்றத்தில் திருத்தலாம். அதற்குச் செனட்டின் வழக்கப்படி 60 பேரின் ஆதரவு திரட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு, மத்திய அமைப்புகளின் விதிகளைச் சாதாரணப் பெரும்பான்மையால் ரத்துசெய்ய இடம்தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தார்கள். விலக்கு என்பது அந்தச் சட்டம் சொல்லும் "விதி" அல்ல என்று நாடாளுமன்றத்தின் சொந்தத் தணிக்கை அமைப்பு கருத்துத் தெரிவித்தது. செனட்டின் நடைமுறை ஆலோசகரும் அதையே சொன்னார். அதையும் தாண்டி மே 22 அன்று 51க்கு 44 என்று வாக்கெடுத்து, கார்களுக்கான தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். இந்த வழியில் ரத்தானதற்குப் பெரிதும் ஒத்த இன்னொன்றை, புதுச் சட்டம் இல்லாமல் முகமை மறுபடி தரக் கூடாது என்பதும் அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் திறந்து மூடிய கதவை, இம்முறை பூட்டிச் சாவியையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். மாநில உரிமை பற்றி மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இதைச் செய்தார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மத்திய அரசின் கை நீளவில்லை என்று வேறு விஷயங்களில் வருந்துகிற கலிபோர்னியக்காரர்களும் இதைப் படிக்கும்போது கொஞ்சம் நெளியலாம்.

இரண்டு கண்காணிப்பாளர்கள் எதற்கு, ஒருவர் போதாதா என்று தம்பி கேட்டான். வோக்ஸ்வேகன் கதையைச் சொன்னேன். ஆய்வகத்தில் சோதனை நடப்பதை உணர்ந்தால் மட்டும் புகையை அடக்கி, சாலையில் வரம்பைப் போல 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடை விடும் மென்பொருளை அந்நிறுவனம் டீசல் கார்களில் வைத்திருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் கலிபோர்னியச் சாலைகளில் ஓட்டி அளந்தபோது சந்தேகம் எழுந்தது. காற்றுவள வாரியத்தின் பொறியாளர்கள் விடாமல் மறுசோதனை செய்து கேள்விமேல் கேள்வி கேட்டதில், 2015 செப்டம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. சொந்தமாக விதி இருந்ததால்தான் வாரியத்திடம் சொந்தமாக ஆய்வகமும் பொறியாளர்களும் இருந்தார்கள். விதி போய்விட்டால் அவர்களை எதற்காக வைத்திருப்பது?

டிரம்ப் கையெழுத்திட்ட அன்றே கலிபோர்னியாவும் மற்றப் பத்து மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. 2035 சரியான ஆண்டா என்பது அதில் கேள்வியே இல்லை. விலக்கு என்பது "விதி"யா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு சொல்லுக்கான பொருளைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்பி இதற்கிடையில் கலிபோர்னியாவிலேயே உள்ள ஒன்டாரியோவில், வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஒரு கார் வாங்கிவிட்டான். இம்முறை நான் சொல்லாமலேயே பானெட்டைத் திறந்து பார்த்தானாம்.