இருந்ததைத்தான் பிரித்தேன்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். ஒரு பழைய ஸ்டீரியோ பதிவின் இரண்டு சேனலை, அதாவது இரண்டு ஒலித் தடத்தை, முன்னும் பின்னும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும்படி ஐந்தாகப் பிரித்துப் போட்டிருந்தேன். "ரெண்டு சேனலை அஞ்சாக்குறது பால்ல தண்ணி ஊத்துற வேலை" என்று ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதினார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். நான் மதிக்கும் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

நான் எதையும் ஊற்றவில்லை. இருந்ததைப் பிரித்தேன்.

ஸ்டீரியோ என்றால் இடது, வலது, அதோடு சரி என்று நினைக்கிறோம். இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி நடுவில் கேட்கும். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும் ஒலி, அதாவது ஃபேஸ் தலைகீழாக இருப்பது, எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் மிதக்கும். சினிமா தியேட்டர்களில் வந்த டால்பி ஸ்டீரியோ முறைக்கு இதுதான் அடிப்படை. 35 எம்எம் பிரிண்டில் இரண்டே ஆப்டிகல் ட்ராக்கில், அதாவது ஃபிலிமில் ஒளியால் பதிந்த ஒலித் தடத்தில், இடது, நடு, வலது, பின்பக்கம் என்று நான்கு சேனலை அடக்கினார்கள். நடுச் சேனலை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் சமமாகப் போட்டார்கள். சரவுண்டை, அதாவது பின்பக்க ஒலியை, ஃபேஸில் ஒரு பக்கம் 90 டிகிரி முன்னும், மறுபக்கம் 90 டிகிரி பின்னும் திருப்பிப் போட்டார்கள். கூட்டினால் நடு, கழித்தால் பின்பக்கம். தியேட்டரில் ஒரு பெட்டி செய்த அந்தக் கணக்கைத்தான் இன்று கம்ப்யூட்டர் இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. ஃபூபார்2000 என்ற பாட்டு கேட்கும் மென்பொருளில் ஃப்ரீசரவுண்ட் என்ற துணை நிரலைப் போட்டுப் பாருங்கள். ஒலியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இரண்டு சேனலுக்கும் இடையே அளவும் ஃபேஸும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்து இடம் ஒதுக்கும். தண்ணீர் எங்கே வந்தது?

இதை எனக்குக் காட்டியது எந்த மென்பொருளும் இல்லை, என் மாமா. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஆம்ப்ளிஃபயரின் இடது ப்ளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர், வலது ப்ளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர், இரண்டையும் மூன்றாவது ஸ்பீக்கரில் கொடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். மைனஸில் எதையும் தொடவில்லை. "இப்பப் பின்னாடி காதை வச்சுக் கேளுடா" என்றார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த பாடுகிறவர் குரல் கழிந்துபோய், ஏறக்குறைய இல்லை! வயலினும் எதிரொலியும் மட்டும் அங்கே தனியாக இருந்தன. டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய வழி அது என்று நான் ரொம்ப வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

அன்று நான் போட்ட பதிவு அந்த மாமாவுடைய கேசட். 1989இல் கோயில் பிரகாரத்தில் இரண்டு மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்து அவர் எடுத்த நாகஸ்வரம். அதற்கு நான் எவ்வளவு உழைத்தேன் என்று சிரித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. நாடாவைப் படிக்கும் கேசட் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஒரு சேனல் மற்றதைவிடப் பிந்திவிடும். கம்ப்யூட்டர் ஒலியை நொடிக்கு 44,100 சாம்பிளாக, அதாவது துளித் துளியாக, அளந்து வைக்கும்போது (44.1 கிலோஹெர்ட்ஸ்) 2 சாம்பிள் பிந்தினால் போதும், 11 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஃபேஸ் முழுக்கத் தலைகீழ். முன்னால் நிற்க வேண்டிய நாகஸ்வரத்தின் கீச்சு முதுகுக்குப் பின்னால் கேட்கும். அதைச் சாம்பிள் சாம்பிளாக நகர்த்திச் சரிசெய்ய மூன்று ராத்திரி ஆனது.

"என்கோட் பண்ணாத பதிவுல டிகோட் பண்ண என்ன இருக்கு?" என்று கேட்டார்கள், அதாவது யாரும் உள்ளே அடைக்காததை எப்படி வெளியே எடுப்பது என்று. நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். 1970களில் சிபிஎஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் எஸ்க்யூ, சான்சுயியின் க்யூஎஸ் முறைகளில் வந்த எல்பிக்களில் நான்கு சேனலை வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள், எடுக்கிறோம். மாமாவின் கேசட்டில் அப்படி யாரும் அடைக்கவில்லை. ஆனால் பிரகாரம் அடைத்திருக்கிறதே! கல் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. அந்த வித்தியாசம் நாடாவில் பதிந்திருக்கிறது. நான் உண்டாக்கியது இல்லை.

இப்படிப் பிரித்தால் "தண்ணிக்குள்ள பேசுற மாதிரி கேக்குது" என்பவர்கள் எந்தக் கோப்பிலிருந்து பிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மிகவும் சுருக்கிய, குறைந்த பிட்ரேட் எம்பி3இல் இடம் மிச்சம் பிடிக்க இரண்டு சேனலையும் ஒன்றாக்கும் இன்டென்சிட்டி ஸ்டீரியோ போட்டிருந்தால் மேல் அதிர்வெண்களில் ஃபேஸ் விவரமே தூக்கி எறியப்பட்டிருக்கும். அதைப் பிரித்தால் அப்படித்தான் கேட்கும். ஹெட்போன் வாங்கச் சொன்னவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

அசலைக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். அசல் கேசட் என் மேஜையில் இருக்கிறது. ஸ்டீரியோ கோப்பை அப்படியே பக்கத்தில் போட்டிருந்தேன், அதை எத்தனை பேர் திறந்தார்கள்? ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். எனக்கு எந்த ஸ்டுடியோவும் இல்லை. பன்னிரண்டு வயதில் என் பின்னால் ஒரு ஸ்பீக்கர் வைத்த மனிதர் இருந்தார், அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. "பால்ல தண்ணி" என்று நீங்கள் சிரித்தது அவர் கையால் எடுத்த பதிவைப் பார்த்து.

அந்தப் பதிவை நீக்கச் சொன்னார்கள், நீக்க மாட்டேன். நாலு ஸ்பீக்கர் இருக்கிற யார் வீட்டிலாவது உட்கார்ந்து கேளுங்கள். மூன்றாவது நிமிஷம் தவில் ஒரு நொடி நிற்கும். அப்போது இடது பக்கம் பின்னால், மைக்கைத் தாண்டி ஓரமாக ஒருவர் இருமுவார். ஸ்டீரியோவில் இத்தனை வருஷம் நானே அதைக் கவனித்ததில்லை. அது மாமா.