கேட்காதவருக்குக் கிடைக்காத விலக்கு

கடந்த பிப்ரவரியில் பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு கடித உறைகளைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “நீ படித்துச் சொல்லம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார். அவருக்கு 71 வயது. கிழக்கு டெக்சாஸில் பைன் காடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கவுண்டியில் (மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பகுதி) பிறந்து, அதே மர வீட்டில் வளர்ந்து, இன்றும் அங்கேயே தனியாக வாழ்கிறார். நான் செவிலியர் வேலைக்காக இங்கே வந்தவள். வந்த முதல் வாரத்தில் என் வீட்டுக் குழாய் உடைந்தபோது ஓடிவந்து தண்ணீரை நிறுத்தியவர் அவர்தான்.

முதல் உறையில் 2025ஆம் ஆண்டு சொத்து வரி பாக்கி. ஜனவரி 31க்குள் கட்டாததால் பிப்ரவரி முதல் தேதியே 6 சதவீதம் அபராதமும் 1 சதவீதம் வட்டியும் ஏறியிருந்தன. இரண்டாவது, 2024ஆம் ஆண்டு பாக்கிக்காக வசூல் வழக்கறிஞர்கள் அனுப்பியது. ஜூலை 1 வந்தும் பாக்கி இருந்தால் வசூல் செலவு என்று 20 சதவீதம் வரை மேலே சேர்க்க இங்கே சட்டம் அனுமதிக்கிறது. அதையும் சேர்த்திருந்தார்கள். வழக்கு, ஏலம் என்ற சொற்கள் தடித்த எழுத்தில் இருந்தன.

நான் பார்த்தது பில்லில் வேறோர் இடத்தை. ‘விலக்குகள்’ என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கும் பெண்மணிக்கு, சொந்த வீட்டில் குடியிருப்போருக்கான ஹோம்ஸ்டெட் விலக்குகூட இல்லை!

இந்த விலக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லியாக வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், சாலை, சிறை, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வீட்டின்மீதும் நிலத்தின்மீதும்தான் கை வைக்கிறார்கள். பில்லில் பெரிய பங்கு, உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பான பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. அந்தப் பள்ளி வரியைக் கணக்கிடும்போது குடியிருக்கும் வீட்டின் மதிப்பிலிருந்து 1,40,000 டாலரைக் கழித்துவிட வேண்டும். 65 வயது ஆனவர் என்றால் இன்னுமொரு 60,000. 2025 நவம்பரில் மக்கள் வாக்களித்து உயர்த்திய தொகை இது. அதற்கு முந்தைய ஆண்டு 1,00,000மும் 10,000மும் இருந்தது. அம்மாளின் வீடும் அரை ஏக்கரும் சேர்த்து மதிப்பீடு 1,38,000 டாலர். அதாவது 2025க்கு அவர் கட்டவேண்டிய பள்ளி வரி பூஜ்யம். பில்லிலோ ஏறத்தாழ 1,380 டாலர் போட்டிருந்தார்கள்.

ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். பத்திரம் இன்னமும் அவருடைய அம்மாவின் பெயரில் இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்துபோனார். அண்ணன் வேறு மாநிலத்தில். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலக ஜன்னலில் போய்க் கேட்டபோது, “உங்கள் பெயரில் பத்திரம் இல்லையே, முடியாது” என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு திரும்பி வந்தவர் மறுபடி போகவில்லை. 2019இல் சட்டம் மாறியது. வாரிசாக வந்த வீட்டில் குடியிருப்பவர், பத்திரம் மாற்றாமலே, ஓர் உறுதிமொழிப் பத்திரமும் முந்தைய உரிமையாளரின் இறப்புச் சான்றிதழும் ஒரு தண்ணீர் அல்லது மின்கட்டண ரசீதும் கொடுத்தால் முழு விலக்கும் பெறலாம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வரி நோட்டீஸ் மட்டும் ஆண்டு தவறாமல் வீடு தேடி வந்தது.

என் கோபம் இங்கேதான். எங்கள் சாலையின் மறுமுனையில் நிறைய நிலம் வைத்திருக்கும் ஒருவருக்கு மாடுகளுக்காக விவசாய மதிப்பீடு இருக்கிறது. 1978இல் அரசியலமைப்பிலேயே சேர்த்த ஏற்பாடு அது. சந்தை விலையைப் பார்க்காமல் நிலம் தரும் விளைச்சலைப் பார்த்து வரி போடுவார்கள். ஐந்து முதல் இருபது ஏக்கர் வரை தேனீ வளர்த்தால்கூட உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்த மேய்ச்சல் நிலமெல்லாம் என்றைக்கோ வீட்டு மனைகளாகியிருக்கும். ஆனால் அவருக்குக் கணக்கர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார். விண்ணப்பத் தேதி தவறுவதில்லை. அரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போடும் அம்மாளுக்கு யார் இருக்கிறார்கள்? பாக்கிக்குக் கடிதம் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, “உங்களுக்கு வயது 71, இந்த வீட்டில் நீங்கள்தான் குடியிருக்கிறீர்கள், இந்தப் படிவத்தை நிரப்புங்கள்” என்று அதே உறையில் ஒரு தாள் வைக்கத் தெரியாதா?

கவுண்டியிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் வரி விகிதம் பற்றிய பொதுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கவுண்டி நிர்வாகத்துக்குத் தலைவரான கவுண்டி நீதிபதியும் நான்கு ஆணையர்களும் மண் சாலைக்கு ஜல்லி வாங்குவதா, சிறைக்கு ஆள் எடுப்பதா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். கேட்க வந்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். நம் தமிழ்க் குழுக்களில் ஒவ்வொரு ஏப்ரலிலும் மதிப்பீட்டு நோட்டீஸின் படத்தைப் போட்டு ஆதங்கப்படுகிறோம். அந்த நோட்டீஸ் பில் அல்ல. மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30ஆம் நாள், இதில் எது பின்னால் வருகிறதோ அதற்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். விகிதத்தை முடிவு செய்வதோ ஆகஸ்டிலும் செப்டம்பரிலும். அப்போது நம்மில் யாரையும் அங்கே காணோம்.

ஊரில் அப்பா பஞ்சாயத்து அலுவலகத்தில் சில நூறு ரூபாய் வீட்டு வரி கட்டிவிட்டு, ரசீதுகளை மஞ்சள் பையில் ஆண்டு வாரியாக அடுக்கி வைப்பார். அம்மாளின் சமையலறை அலமாரியிலும் அப்படி ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதிலிருந்துதான் அவருடைய தாயாரின் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினோம். வரி கட்டும் கெடு தாண்டிய பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை பின்தேதியிட்டு விண்ணப்பிக்கலாம் என்பதால் 2024, 2025 இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கட்டிய பணம் போனதுதான். மதிப்பீட்டு அலுவலகத்தில் அன்றிருந்த இளம்பெண் பொறுமையாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். மீதமுள்ள கவுண்டி வரியை இனி நான்கு தவணையாகக் கட்டலாம் என்றும், முடியவே முடியாவிட்டால் 65 வயது ஆனவர்கள் ஆண்டுக்கு 5 சதவீத வட்டியோடு ஒத்திவைக்கவும் வழி உண்டு என்றும் அவரே சொன்னார். ஏழு வாரம் கழித்துத் திருத்திய பில் வந்தது. இந்த முறை உறையைப் பிரித்தே கொண்டுவந்தார்.

டெக்சாஸில் இருக்கும் நண்பர்களே, உங்கள் தெருவில் வயதானவர்கள் இருந்தால் அவர்களின் பில்லில் ‘விலக்குகள்’ என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வழக்கமான கடைசித் தேதி ஏப்ரல் 30. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பித்துத் தருகிறோம் என்று பணம் கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். வாரிசு வீட்டுக்கான உறுதிமொழியை நிரப்பத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.