பொம்மைப் படை கட்டுகிறவர்கள் மூட்டு முறையைப் பார்த்து வாங்குங்கள்

ஒரே மாதிரி வீரர்களைப் பத்து, இருபது என்று வாங்கி வரிசையாக நிறுத்தும் ஆக்‌ஷன் ஃபிகர் (மூட்டு அசையும் வீரர் பொம்மை) ஆசை ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளையும் பிடித்திருக்கிறது. நல்ல ஆசைதான். வாங்குகிற முறைதான் சரியில்லை. முகம் பிடித்ததால் ஒன்று, கவசம் பிடித்ததால் ஒன்று, தள்ளுபடியில் கிடைத்ததால் ஒன்று என்று ஐந்தாறு கம்பெனிப் பொம்மைகளைச் சேர்த்துவிட்டு, "இதன் தலை அதில் ஏறமாட்டேங்குதே" என்று கேட்கிறார்கள். ஏறாது. பாகம் மாற்றிப் படை கட்ட நினைக்கிறவர் ஒரே ஒரு மூட்டு முறையை, அதாவது பாகங்கள் ஒன்றோடொன்று மாட்டும் அமைப்பை, தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள். 1:18 (நிஜ அளவில் பதினெட்டில் ஒரு பங்கு) என்றால் வீரன் சுமார் 10 செ.மீ. உயரம். 1:12 என்றால் சுமார் 15 செ.மீ. இரண்டடி அகலத் தட்டில் 1:18 வீரர்கள் ஒரு வரிசைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். கவசம் போட்ட 1:12 என்றால் அதைவிடக் குறைவான பேர்தான் நிற்பார்கள். படை என்றால் கூட்டம் தெரியவேண்டும். அதனால் சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு 1:18-ஐத்தான் சொல்வேன்.

பாகம் மாற்றும் முறை இன்று நேற்று வந்ததல்ல. ஜப்பானில் டகாரா நிறுவனம் 1974-ல் மைக்ரோமேன் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் இருந்த 5 மி.மீ. பெக்கும் (துளைக்குள் நுழையும் முளை) துளையும்தான் 1976-ல் மீகோ வெளியிட்ட மைக்ரோநாட்ஸ் வழியாக அமெரிக்கா போனது. இன்றைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளின் துப்பாக்கிப் பிடி அதே 5 மி.மீ. தான். ஒரு அளவை விடாமல் பிடித்துக்கொண்டதால் அத்தனை ஆண்டுப் பாகங்களும் ஒன்றோடொன்று பேசுகின்றன.

இப்போது கிடைக்கும் முறைகளில் ஒனெல் டிசைன் தொடங்கிய கிளையோஸ் இருப்பதிலேயே எளியது. தலை, தோள், கை, இடுப்பு, கால் எல்லாம் கழன்று மாறும். வேறு சிறு நிறுவனங்களும் அதே பெக் அளவில் செய்வதால் கலந்து மாட்டலாம். நாள் முழுக்கக் கழற்றி மாட்டி விளையாடும் பிள்ளைக்கு இதுதான் சரி. கற்பனை உலகப் படை வேண்டுமென்றால் ஃபோர் ஹார்ஸ்மென் ஸ்டூடியோஸ் 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் தொடங்கிய மிதிக் லீஜியன்ஸ். அதில் பெயர் இல்லாத சாதா வீரர்களை 'லீஜியன் பில்டர்' என்று தனியாகவே விற்கிறார்கள். இக்காலச் சிப்பாய் என்றால் 1:18-ல் மரோடர் டாஸ்க் ஃபோர்ஸ். தலை, ஹெல்மெட், சட்டைமேல் மாட்டும் வெஸ்ட், தோட்டாப் பை எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். பழங்காலப் படைக்கு 1:18-ல் பாஸ் ஃபைட் ஸ்டூடியோவின் விட்ருவியன் ஹேக்ஸ். அதன் முதல் வரிசையே ஈட்டியும் வட்டக் கேடயமும் வைத்த கிரேக்க வீரர்கள். கையும் காலும் திறந்த உடல்கள் என்பதால் நம் ஊர் வீரனாக மாற்ற இதைவிட வசதியான உடல் 1:18-ல் இல்லை என்பேன்.

எதை எடுத்தாலும், பொம்மைக்கு முன்னால் ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். மூன்று அளவுகள் போதும்: கழுத்துப் பந்தின் விட்டம், மணிக்கட்டுப் பெக்கின் விட்டம், ஆயுதம் பிடிக்கும் உள்ளங்கைத் துளையின் விட்டம். 0.2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பெக் அந்த அளவு மெலிந்தால் தலை தொங்கும், தடித்தால் துளை வெடிக்கும். ஒரு வீரனை மட்டும் முதலில் வரவழைத்து, முழுக்கக் கழற்றி, அளந்து எழுதி வையுங்கள். திருப்தி என்றால் மீதியை அதே கடையில் உடனே ஒன்றாக வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வாங்கினால் வேறு தயாரிப்புத் தொகுதி வரும், தோல் நிறம் லேசாக மாறியிருக்கும், வரிசையில் நிறுத்தினால் உறுத்தும்.

எட்டுப் பேர் கொண்ட அணிக்கு என் கணக்கு: உடல் எட்டு, தலை பன்னிரண்டு, உதிரிக் கைகள் ஆறு ஜோடி. உடலிலேயே பணத்தை எல்லாம் கொட்டாதீர்கள். முதலில் உடைவது கட்டைவிரல். தடித்த பிடியுள்ள ஆயுதத்தைக் குளிர்ந்த பிளாஸ்டிக் கைக்குள் திணிப்பதால் அது போகிறது. தலை கூடுதலாக இருந்தால் ஒரே உடல் வேறு ஆளாகத் தெரியும்.

கழற்றும் வித்தையைச் சரியாகச் செய்தால் எதுவும் உடையாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் விடுங்கள். மூட்டை மட்டும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் முக்குங்கள். துணியால் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே நேராக இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் பெக் முறியும். மாட்டும்போது துளை உள்ள பாகத்தைச் சூடாக்குங்கள், பெக்கை அல்ல. மாட்டியதும் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் வடிவம் நிற்கும். புதுப் பொம்மையில் பெயிண்ட் மூட்டோடு ஒட்டியிருக்கும். அதை அப்படியே திருகுவதுதான் பெரும்பாலான முறிவுக்குக் காரணம்.

லூசான மூட்டுக்குப் பிளம்பிங் கடை டெஃப்ளான் டேப்பைப் பெக்கில் ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றினால் போதும். ஃபெவிகாலைத் தண்ணீராக்கி மெல்லப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டினாலும் பிடிக்கும். ஃபெவிக்விக்கை மூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு துளி உள்ளே ஓடினால் மூட்டு அசையாது, சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். இறுக்கமான மூட்டுக்குச் சிலிகான் ஆயில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் பிசுக்கேறிவிடும், தையல் மெஷின் எண்ணெய் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

பெக் முறிந்துவிட்டால் தூக்கி எறியவேண்டியதில்லை. கை ட்ரில்லில் 1 மி.மீ. பிட் போட்டு இரு பக்கமும் நடுவில் துளைத்து, பித்தளைக் கம்பியை நுழைத்து ஒட்டுங்கள். பேப்பர் கிளிப் வேண்டாம். கடற்கரை ஊரில் அது உள்ளுக்குள் துருப்பிடித்து, வீங்கி, பாகத்தையே பிளந்துவிடும்.

பரணில் பழைய ஜி.ஐ. ஜோ சிப்பாய்ப் பொம்மைகள் கிடக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. 1987-ல் எம்.ஆர்.எஃப்.-ஹாஸ்ப்ரோ கூட்டில் தொடங்கிய ஃபன்ஸ்கூல் இந்தியாவிலேயே அவற்றைச் செய்து விற்றது. அமெரிக்காவில் வராத நிறங்களில் வந்ததால் வெளிநாட்டுக்காரர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். உடைந்தது என்று நினைத்துக் குப்பையில் போடாதீர்கள். இடுப்பு தொளதொளத்தால் பெரும்பாலும் உள்ளே உள்ள ஓ-ரிங் ரப்பர்தான் அறுந்திருக்கும். முதுகில் ஒரே ஒரு திருகாணி. நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவரால் கழற்றினால் மார்பும் முதுகும் பிரியும், தலையும் கைகளும் கையோடு வந்துவிடும். கால்களைப் பிடித்திருக்கும் உலோகக் கொக்கியில் புது ரிங்கைக் கோத்து, இடுப்புப் பாகத்தின் துளை வழியே மேலே இழுத்து, மார்புக்குள் இருக்கும் தூணில் மாட்டவேண்டும். கை, தலையை அதனதன் குழியில் வைத்து மூடித் திருகுங்கள். கை நிற்கும் அளவுக்கு இறுகினால் போதும், மேலே இறுக்கினால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும். பழைய ரிங்கின் துண்டைப் பம்புசெட் உதிரிபாகக் கடைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். சற்றே சின்ன ரிங் போட்டால் இழுவை கூடி, கவட்டைப் பகுதி முறியும். ஜி.ஐ. ஜோவில் அங்கே முறிந்தால் ஒட்டுவது வீண், இடுப்பையே மாற்றவேண்டும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. பொம்மைகளின் இறக்குமதி வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். துபாயிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் காக்காவிடமோ (அண்ணனிடமோ) மச்சானிடமோ சொல்லி வாங்கிவரச் சொல்கிறவர்கள், பெட்டி பெட்டியாகக் கேட்காமல் உதிரித் தலை, கை, ஆயுதப் பாக்கெட்டுகளாகக் கேளுங்கள். எடையும் குறைவு, உங்களுக்குத் தேவையும் அதுதான். பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் வைக்க வேண்டாம், செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரோமானியன், ஸ்பார்ட்டன், சாமுராய் எல்லாம் நம் தட்டுகளில் நிற்கிறார்கள், சேதுபதி வீரன் நிற்பதில்லை. போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்குத் தலைநகரை மாற்றிய கிழவன் சேதுபதியின் மண்ணில் இது குறை. கடையில் கிடைக்காது, நாம்தான் செய்யவேண்டும். பாகம் மாற்றும் பொம்மையின் முழுப் பயனும் இங்கேதான். உடைக்கும் தலைப்பாகைக்கும் இணையத்தில் தேடுவதைவிட அரண்மனைக்குள் ராமலிங்க விலாசத்துக்குப் போய்ச் சுவரோவியப் போர்க் காட்சிகளைக் கண்ணால் பாருங்கள்.

வளரி என்ற எறியும் ஆயுதத்திலிருந்து தொடங்கலாம். ஒன்றரை அடி வளரி 1:12-ல் 3.8 செ.மீ., 1:18-ல் 2.5 செ.மீ. காலாவதியான ஏ.டி.எம். கார்டு 0.76 மி.மீ. தடிமன். சிப் இல்லாத பக்கத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டினால் 1.5 மி.மீ. வரும். பிறை வடிவில் வரைந்து, ஒரு முனை அகலமாகவும் பிடிக்கும் முனை ஒடுங்கியும் இருக்கும்படி வெட்டி, 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். இரு முனையும் ஒரே அகலத்தில் இருந்தால் அது பூமராங் ஆகிவிடும், வளரி ஆகாது. மருதிருவரில் சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆயுதத்தின் வடிவத்தில் அலட்சியம் கூடாது. 7 அடி ஈட்டிக்கு 1:18-ல் 11.9 செ.மீ. மூங்கில் குச்சி போதும். உள்ளங்கைத் துளைக்கு ஏற்ப இழைத்துக்கொள்ளுங்கள். கேடயத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி, சுமார் 3 செ.மீ. விட்டம். 1:18-ல் அது ஒன்றே முக்கால் அடிக் கேடயம். ஓரத்து வரிகளைத் தேய்த்துவிட்டு எம்-சீல் என்ற பிசைந்து ஒட்டும் பசையால் நடுவே குமிழ் வையுங்கள்.

எம்-சீலைத் தலைப்பாகைக்கும் பயன்படுத்தலாம். இரண்டு பாகத்தையும் சமமாகப் பிசைந்து, கயிறாக உருட்டி, தட்டையாக்கி, ஈரவிரலால் தலையில் சுற்றுங்கள். வளைகிற இடத்தில் ஒட்டினால் உரிந்து வரும், ஆகவே வேட்டிக்கு வேண்டாம். வேட்டிக்கு டிஷ்யூ பேப்பரில் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து நனைத்துக் கச்சமாக மடியுங்கள். காய்ந்தபின் கால் அசையாது. எந்த நிலையில் நிற்கவேண்டுமோ அதில் நிறுத்திவிட்டுத்தான் உடுத்தவேண்டும்.

தோல் நிறத்துக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) கலந்து, சிவப்பு ஒரு பொட்டு. எட்டுப் பேருக்கும் ஒரே நிறம் அடிக்காமல் ஓக்கரின் அளவைக் கூட்டிக் குறைத்தால் உயிர் வரும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து வந்த பிசுக்கு இருந்தால் பெயிண்ட் உரியும். அக்ரிலிக்கை மெல்லிய மூன்று பூச்சாக அடியுங்கள். பெக்கையும் துளையையும் பெயிண்ட் இல்லாமல் விடுங்கள். ஹார்டுவேர் கடை எனாமல் ஸ்ப்ரே மென்மையான பி.வி.சி. மேல் மாதக் கணக்கில் காயாமல் ஒட்டும். மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயும் நம் ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும், ஐப்பசி, கார்த்திகையில் தொடவே கூடாது. பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ்தான் இந்தக் கரைக்குச் சரி.

பாதுகாப்பிலும் ஊருக்கு ஏற்ற முறை வேண்டும். ராமேசுவரம் தீவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோரத் தட்டில் ஒரு வாரம் வைத்தாலே உப்பும் மணலும் மூட்டுக்குள் இறங்கிவிடும். அதோடு அசைத்தால் பெக் அரைபடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், திருகாணி உள்ளதென்றால் பிரித்துவிட்டு அலசுங்கள். வைப்பதற்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல். நீல மணி வெளுத்துச் சிவந்தால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். பனை ஓலைப் பெட்டி அழகுதான், ஈரத்தைத் தடுக்காது. மென்மையான பெல்ட், அங்கி, ரப்பர் பாகங்களைக் கெட்டி பிளாஸ்டிக்கோடு ஒட்டியபடி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். மென்பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய் கசிந்து மற்றதை இளக்கிவிடும். தனித்தனி ஜிப் கவரில், படுத்த நிலையில் வையுங்கள். சித்திரை வெயிலில் நின்றபடி இருந்தால் கணுக்கால் வளைந்து ஆள் சாய்ந்துவிடும்.

அணியை நிறுத்தும் அடித்தட்டுக்குத் தனுஷ்கோடி மணலை அப்படியே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துத் தட்டையும் ஆணியையும் அரித்துவிடும். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, வெயிலில் காயவைத்துச் சலித்தபின் ஒட்டுங்கள். பவளக் கல்லை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள், கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் சரி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பாறை வேண்டுமென்றால் தெர்மாகோலைப் பிய்த்து, முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் அடியுங்கள். ஃபெவிகால் இல்லாமல் ஸ்ப்ரே அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும்.