பதினான்கு பில்லியன் யூரோவும் கையில் வரும் காசு அல்ல

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் உதவி நிதியான ஐபிஏ பற்றி வந்த ஒரு கட்டுரை, அந்தத் தொகையை நாடுவாரியாகப் பிரித்துக் காட்டியிருந்தது. மேற்கு பால்கன் நாடுகளுக்கும் துருக்கிக்கும் 2021-2027 காலத்துக்கான ஐபிஏ நிதி சுமார் 14 பில்லியன் யூரோ என்பது சரி. ஆனால் கட்டுரையாளர் அதை நாடுகளுக்குள் பங்கு பிரித்தது தவறு. இந்தச் சுற்றில் நாட்டுவாரி ஒதுக்கீடு முன்கூட்டியே கிடையாது. திட்டத்தின் தயார்நிலையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

இரு அண்டை நாட்டு அமைப்புகள் பங்காளிகளாகச் சேர்ந்து இந்த நிதியில் நடத்தும் எல்லை தாண்டிய திட்டங்களில் சிக்கலே வேறு. பல்கேரியா-செர்பியா எல்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் யூரோ திட்டம் என்றால் ஐரோப்பிய ஒன்றியப் பங்கு 85 சதவீதம், அதாவது 3.4 லட்சம். மீதி 60 ஆயிரத்தைப் பங்காளிகள் போட வேண்டும். அது பெரிய சுமை இல்லை. முதலில் செலவழித்து, பிறகுதான் திரும்பப் பெற வேண்டும் என்பதுதான் சுமை. ஒவ்வொரு பங்காளியின் பில்லையும் அந்தந்த நாட்டுக் கட்டுப்பாட்டாளர் சரிபார்த்த பிறகே, திட்டத்துக்குத் தலைமை தாங்கும் முதன்மைப் பங்காளி மொத்தமாகக் கோர முடியும். ஒருவர் தாமதித்தால் எல்லோர் பணமும் நிற்கும். முன்பணம் தீர்ந்துவிட்டால் சின்ன நகராட்சி கடன் வாங்கித்தான் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) கட்ட வேண்டாம் என்று தரும் விலக்குச் சான்று இன்னொரு பொறி. செர்பியாவில் வாட் 20 சதவீதம். சான்று கைக்கு வருமுன் பொருள் வாங்கினால் அந்த வரி நகராட்சித் தலையில் விழக்கூடும்.

இதற்கு மேல் ஒதுக்கிய ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் கோராத தொகை பொதுவாக ரத்தாகிவிடும். தொகையைப் பெரிதாக அறிவிப்பவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை!