தொழுகை ஓவியங்களைத் தொழுகிறவர் கண்ணால் பார்ப்போம்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த தொழுகைக் காட்சிகளைப் பகிர்ந்தால் இரண்டே விதமான கருத்துதான் வருகிறது. "என்ன தத்ரூபம்!" அல்லது "எல்லாம் காலனியப் பார்வை". ஓவியத்துக்குள் தொழுகை எப்படி நடக்கிறது என்று யாருமே பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். தொழும்போது முகம் நோக்க வேண்டிய மக்காவின் திசைதான் கிப்லா. தமிழ்நாட்டில் நமக்கு அது மேற்கில், கொஞ்சம் வடக்கே சாய்ந்து. மக்ரிபில், அதாவது சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகையில், செவ்வானத்தைப் பார்த்தே நின்று பழகியவர்கள் நாம். கெய்ரோவிலிருந்து மக்கா தென்கிழக்கு. அங்கே அந்திச் சிவப்பு வலத்தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அல்ஜீரியாவில் கிப்லா ஏறக்குறைய கிழக்கு என்பதால் நேரே முதுகுப் பக்கம். மாலையில் தெரியும் இளம்பிறைக்கும் இதே கணக்குதான். அந்த ஊர்களில் தொழுபவர் பிறையை நேருக்கு நேர் பார்த்து நின்றால், வானம் ஸ்டூடியோவில் சேர்த்தது.

அடுத்தது உடலின் நிலை. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கியோமேயின் 'சஹாராவில் அந்தித் தொழுகை' (1863, பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம்) படத்தில் சிலர் நிற்கிறார்கள், சிலர் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் இருக்கிறார்கள். ஜமாஅத்தில், அதாவது இமாமைப் பின்பற்றிக் கூட்டாகத் தொழும்போது, இப்படி வராது. பிந்தி வந்தவரும் இமாம் இருக்கும் நிலையிலேயே சேர்ந்துகொள்வார். விடுபட்ட ரக்அத்தை (தொழுகையின் ஒரு சுற்று) இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகுதான் எழுந்து தொழுவார். ஆக, அவர்கள் தனித்தனியே தொழுகிறார்கள், அல்லது எல்லா நிலைகளையும் ஒரே சட்டகத்தில் காட்ட ஓவியர் ஆசைப்பட்டிருக்கிறார்.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடுதல். 1871இல் அவர் வரைந்த 'பள்ளிவாசலில் தொழுகை' நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடம் கெய்ரோவின் அம்ர் பள்ளிவாசல். தூண் வரிசையும் அதில் விழும் ஒளியும் அபாரம். ஆனால் பிரமுகரும் பணியாட்களும் நிற்கும் கூட்டத்தில் கோவணம் மட்டும் கட்டிய ஒருவரும் நிற்கிறார்! ஆணுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைந்திருப்பது தொழுகையின் நிபந்தனை என்பது மதரஸா பிள்ளைக்கும் தெரியும். அப்படி ஒரு பக்கீர் அந்தத் தெருக்களில் இருந்திருக்கலாம். இந்த ஸஃபில் (தொழுகை வரிசையில்) அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது பாரிஸ் பார்வையாளருக்காக என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் எத்தியன் தினே வேறு ரகம். அல்ஜீரியாவின் பூ ஸஆதாவில் வாழ்ந்து, இஸ்லாத்தைத் தழுவி நஸ்ருத்தீன் ஆனவர். 1929இல் ஹஜ் செய்தார், அதே ஆண்டு காலமானார். அடக்கமும் பூ ஸஆதாவில்தான். தொழுபவரின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்று வரைந்தவர் அவர்.

ஒன்றே ஒன்று. அல்ஜீரியக் காட்சிகளில் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நிற்பவரைக் கண்டதும் "ஓவியருக்குத் தொழத் தெரியவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபினர் (இஸ்லாமியச் சட்ட வழியினர்) கை கட்டுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது விநோதமாகத் தெரியும். அங்கே மாலிக்கி மத்ஹப். பலர் அப்படித்தான் நிற்பார்கள்.