கடிதம் வந்தால் காசு எடு

"அந்தக் காலத்துல கடிதம்னா அது ஒரு அழகு" என்று யாராவது பெருமூச்சு விட்டால் நான் கேட்பது ஒன்றுதான்: அதுக்குக் காசு கொடுத்தது யார்?

1800களின் தொடக்கத்து இங்கிலாந்தில் பெரும்பாலும் வாங்கியவர்தான். காசை எண்ணி வைத்தால்தான் கடிதம் கைக்கு வரும். 1812 கட்டணப்படி 15 மைலுக்குள் 4 பென்ஸ். 300 மைல் என்றால் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். அதுவும் ஒற்றைத் தாளுக்கு. இரண்டு தாள் வைத்தால் இரட்டிப்பு. உறை போட்டால் அதையும் ஒரு தாளாகக் கணக்குப் பண்ணிவிடுவார்கள். அதனால் எழுதிய தாளையே மடித்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டினார்கள்.

தாள் நிரம்பியும் சேதி மிச்சமிருந்தால்? தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்கே எழுதுவது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில் மிஸ் பேட்ஸ் தன் தங்கை மகளைப் பற்றிச் சொல்வது இதைத்தான்: தாளை முழுக்க நிரப்பிவிட்டுப் பாதிக்குக் குறுக்கேயும் எழுதுவாளாம்.

பணக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் தினம் 10 கடிதம் இலவசமாக அனுப்பலாம், 15 பெறலாம். முகவரியையும் தேதியையும் அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தவர் எல்லாம் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். 1840இல், எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னிதான் என்ற தபால் முறை வந்த பிறகுதான் இந்தச் சலுகை ஒழிந்தது.

மை எதில் செய்தார்கள் தெரியுமா? மாசிக்காய், அன்னபேதி, பிசின். மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு! தொட்டு எழுத வாத்து இறகு. முனை மழுங்க மழுங்கக் கத்தியால் சீவிக்கொள்ள வேண்டும்.

போன வாரம் நானும் ஒரு ஏ4 தாளில் குறுக்கே எழுதிப் பார்த்தேன். முதல் சுற்று ஜோர். திருப்பி எழுதியதும் ணகரமும் ழகரமும் சிக்கிக்கொண்டு சிக்குக் கோலமாகிவிட்டது. அந்தக் கால இங்கிலீஷ் கையெழுத்து ஒரே பக்கம் சாய்ந்து ஓடுகிறது, கண் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். நம் எழுத்து வட்டம் வட்டமாக நின்றுகொள்கிறது. காசு கொடுத்து வாங்கிப் படிப்பவரைத் திண்டாட விடக் கூடாது என்பதற்காகத்தான் அவர்களுக்கு அத்தனை கையெழுத்துப் பயிற்சியோ என்று அப்போது தோன்றியது. அழகு அப்புறம் ஒட்டிக்கொண்டது என்பது என் கட்சி.

அந்தத் தாளை அக்காவிடம் நீட்டி, "படிக்கணும்னா காசு கொடு" என்றேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதைப் படிக்க நீதான்டா எனக்குத் தரணும்."