சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள்!

"காலையிலிருந்து சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று கேட்கிறார் முதலாளி. அச்சகத்தில் புரூஃப் பார்க்கும், அதாவது அச்சுப்பிழை திருத்தும், எவரும் இந்தப் பொன்மொழியைக் கேட்காமல் ஓய்வு பெற்றிருக்க முடியாது.

ஆமாம், சும்மாதான் இருந்தேன். பக்கம் வந்தால்தானே பார்ப்பதற்கு? முற்பகலில் ஒரு காதுகுத்து அழைப்பிதழ், அதோடு சரி. மாலை ஐந்தரைக்குக் கும்பாபிஷேக மலர் மொத்தமாக மேசையில் வந்து விழுந்தது. 64 பக்கம். ஏழு மணிக்குள் திருத்தி முடித்து, அச்சடிக்கும் தகடான பிளேட் போட வேண்டுமாம்!

நன்கொடையாளர் பட்டியலிலேயே உயிர் போயிற்று. க. முருகேசன், கா. முருகேசன், மு. கணேசன், மூ. கணேசன். தலைப்பெழுத்து மாறினால் ஊரே திரண்டு வந்துவிடும். விரல் வைத்து வரிவரியாக இறங்கும்போது, "இந்த ரசீதுப் புத்தகத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்" என்றார் முதலாளி. பார்த்துவிட்டுத் திரும்பினால் எந்த முருகேசனில் விட்டேன்? மறுபடியும் க. முருகேசன். அடுத்து, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி தம்பி வந்து, "சார், பக்க எண் மாறிவிட்டது" என்றான். மறுபடியும் க. முருகேசன். அவர் கொடுத்தது ஐந்நூறு ரூபாய். நான் அவருக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு கோபுரமே எழும்பியிருக்கும்.

காலையில் செலவாகாத கவனத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போல நிரப்பிவைத்து, மாலையில் திறந்துவிட வேண்டுமாம். கவனம் என்ன தொட்டித் தண்ணீரா? சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே அது கரைந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையையே வெறித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் தடயங்களைக் கோட்டைவிட்டதால், நார்மன் மேக்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை வைத்தார். வட்டத்தில் ஒரு முள் நொடிக்கொரு முறை நகரும். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. 1948இல் அதை அச்சிலும் போட்டார். அந்தப் புண்ணியவான்களுக்கு முள் ஒரே சீராகவாவது நகர்ந்தது. எனக்கு ஐந்தரை வரை முள்ளே கிடையாது. அதற்குப் பிறகு நாலாபக்கமும் முள்.

ஏழு மணிக்கு விழாக் குழுவிலிருந்து தொலைபேசி. அட்டைப்படம் மாறுகிறதாம், அச்சு நாளை மறுநாள்தானாம். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது?